சிறைக் காவலர் அடித்தார் என்று கைதி வழக்குப் போட்டால் அமெரிக்க ஜூரி எதைப் பார்க்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் குடியுரிமை வாங்கிய தமிழர் வீடுகளுக்கு ஜூரி அழைப்புக் கடிதம் வருவது இப்போது சாதாரணம். கொலை வழக்கோ திருட்டு வழக்கோ என்று நினைத்துப் போகிறவர்களுக்குச் சில சமயம் வேறொன்று வாய்க்கிறது: சிறையில் இருக்கும் ஒருவர், காவலர்கள் தன்னை அளவுமீறி அடித்தார்கள் என்று தொடுத்த சிவில் வழக்கு. அழைப்பு வந்தவர்கள், சட்டம் படிக்கும் பிள்ளைகள், உறவினர் ஒருவர் உள்ளே இருக்கும் குடும்பங்கள் என எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றைக் கேட்ட வாக்கிலேயே கீழே தொகுத்திருக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் ஏற்கெனவே ஒரு வழக்கில் ஜூரராகத் தேர்வாகிவிட்டீர்கள் என்றால் இதற்கு மேல் படிக்காதீர்கள். ஜூரர் வெளியே தேடிப் படிப்பது தடை. நீதிபதி படித்துக் காட்டும் அறிவுரை மட்டுமே உங்களுக்குச் சட்டம்.

1. ஜெயில்ல இருக்கிறவர் காவலர் மேலேயே கேஸ் போட முடியுமா? அதை ஜூரி விசாரிக்குமா?

முடியும். 1871-இல் இயற்றப்பட்ட குடிமை உரிமைச் சட்டத்தின் ஒரு பகுதி இன்று ‘பிரிவு 1983’ என்று வழங்குகிறது. மாநில அல்லது கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளூர் நிர்வாகப் பிரிவு) ஊழியர் ஒருவர் அரசு கொடுத்த அதிகாரத்தை வைத்துக்கொண்டு அரசியல் சட்ட உரிமையை மீறினால், அவரிடம் நஷ்டஈடு கேட்க இது வழி செய்கிறது. இது சிவில் வழக்கு என்பதை மனதில் வையுங்கள். தோற்றால் காவலர் சிறைக்குப் போகப்போவதில்லை, பணம்தான் பேச்சு.

இந்தியாவில் குற்ற வழக்குகளில் இருந்த ஜூரி முறை 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு முடிந்துபோனது. அமெரிக்காவில் அரசியல் சட்டத்தின் ஏழாவது திருத்தம் சிவில் வழக்கிலும் ஜூரி கேட்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் கேட்டால்தான் கிடைக்கும். இரு தரப்பும் தத்தம் மனுவையும் பதிலையும் கொடுத்து முடித்த 14 நாளுக்குள் எழுத்தில் கேட்கவேண்டும். வக்கீல் இல்லாமல் தானே வழக்கை நடத்தும் கைதி இந்தக் கெடுவைத் தவறவிட்டால், ஜூரி இல்லாமல் நீதிபதியே முடிவு செய்யும்படி ஆகிவிடலாம். ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்ற சிவில் ஜூரியில் குறைந்தது 6 பேர், அதிகபட்சம் 12 பேர். இரு தரப்பும் வேறுவிதமாக ஒப்புக்கொண்டாலன்றித் தீர்ப்பு ஒருமனதாக இருக்கவேண்டும்.

2. அடிச்சது உண்மைன்னு நிரூபிச்சா போதாதா?

போதாது. இந்த வழக்குகளில் பலரும் இடறுவது இங்கேதான். சிறையில் பலப்பிரயோகமே குற்றம் அல்ல. சண்டையை விலக்கவும், அறையைவிட்டு வர மறுப்பவரை வெளியே கொண்டுவரவும் காவலருக்கு அதிகாரம் உண்டு. பல வழக்குகளில் கை வைத்ததையும், மிளகு ஸ்ப்ரே அடித்ததையும் காவலர் தரப்பே ஒப்புக்கொள்ளும். சண்டை எல்லாம் ‘எதற்காக’ என்பதில்.

தண்டனை பெற்ற கைதிக்குப் பொருந்துவது, கொடூரமான, வழக்கத்துக்கு மாறான தண்டனையைத் தடுக்கும் எட்டாவது திருத்தம். ‘விட்லி எதிர் ஆல்பர்ஸ்’ (1986) வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த கேள்வி இது: ஒழுங்கைக் காக்கவோ மீட்கவோ நல்லெண்ணத்தோடு எடுத்த முயற்சியா, நோகடிக்கவேண்டும் என்றே வன்மத்தோடும் குரூரத்தோடும் செய்ததா? ஆரிகன் மாநிலச் சிறையில் 1980-இல் ஒரு காவலரைக் கைதிகள் பிணை வைத்திருந்தபோது, மீட்கப்போனவர்கள் சுட்டதில் ஒரு கைதிக்கு முழங்காலில் குண்டு பாய்ந்தது. அவர் தோற்றார். திட்டம் சரியில்லை, வேறு வழி இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது என்றது நீதிமன்றம். கவனக்குறைவு, அவசர முடிவு, தவறான கணிப்பு இவையெல்லாம் அரசியல் சட்ட மீறல் என்ற கோட்டைத் தொடாமலே நின்றுவிடும்.

நிரூபிக்கும் பாரம் கைதியின் மேல். ஆனால் ‘சந்தேகத்துக்கு இடமின்றி’ என்கிற குற்ற வழக்கு அளவுகோல் இங்கே கிடையாது. நடந்திருக்க வாய்ப்பு அதிகமா, இல்லாமலிருக்க வாய்ப்பு அதிகமா? தராசு ஒரு மயிரிழை சாய்ந்தாலும் போதும்.

3. ஒருத்தர் மனசுல வன்மம் இருந்துச்சான்னு ஜூரிக்கு எப்படித் தெரியும்? யாராவது ஒத்துக்குவாங்களா?

யாரும் ஒப்புக்கொள்வதில்லை. செயலிலிருந்துதான் மனதைப் படிக்கவேண்டும். ‘ஹட்சன் எதிர் மக்மில்லியன்’ (1992) தீர்ப்பு இதற்கு ஐந்து விஷயங்களைப் பார்க்கச் சொல்கிறது: பலம் தேவைப்பட்டதா, தேவைக்கும் பயன்படுத்திய அளவுக்கும் பொருத்தம் உண்டா, காவலர் நியாயமாக உணர்ந்த ஆபத்து எவ்வளவு, கடுமையைக் குறைக்க ஏதாவது செய்தாரா, காயம் எவ்வளவு. நீதிபதியின் அறிவுரையில் இவை ஏதோ ஒரு வடிவில் வந்துவிடும். ஐந்துக்கு மூன்று என்று மதிப்பெண் போடும் கணக்கு இல்லை. எல்லாவற்றையும் சேர்த்து ஒரே முடிவுக்கு வரவேண்டும்.

நடைமுறையில் இந்த ஐந்தையும் ஒரு காலக்கோட்டில் வைத்துப் பார்ப்பதுதான் உதவும். கைதி எப்போது எதிர்த்தார், எப்போது நிறுத்தினார், கைவிலங்கு எந்த நொடியில் பூட்டப்பட்டது, கடைசி அடி எந்த நொடியில் விழுந்தது? விலங்கு பூட்டுவதற்கு முன் விழுந்த குத்துக்குக் காரணம் சொல்ல இடம் உண்டு. பூட்டி, முகங்குப்புறப் படுக்கவைத்த பிறகு விழுந்த அதே குத்துக்குக் காரணம் சொல்வது கடினம். தேவை அங்கே முடிந்துவிட்டது. இருபது நிமிடச் சம்பவத்தில் வழக்கைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அந்தச் சில நொடிகள்தான்.

‘கடுமையைக் குறைக்க முயற்சி’ என்பதையும் பொருட்படுத்தாமல் விடாதீர்கள். முதலில் பேசிப் பார்த்தாரா, எச்சரித்தாரா, கீழ்ப்படிய நேரம் கொடுத்தாரா, ஸ்ப்ரே அடித்த பிறகு கண் கழுவத் தண்ணீரும் காற்றோட்டமும் கொடுத்தாரா, நர்ஸைக் கூப்பிட்டாரா? பத்து நொடியில் மூன்று முறை கத்திவிட்டு உடனே ஸ்ப்ரே அடித்தால் அறிக்கையில் ‘மூன்று முறை உத்தரவிட்டேன்’ என்று வந்துவிடும். எழுத்தில் பொய் இல்லை, ஆனால் அவகாசமும் இல்லை. வாயிலிருந்து வந்த சொற்களும் சாட்சியம்தான். ஹட்சன் வழக்கில் பக்கத்தில் நின்ற மேலதிகாரி, ரொம்பவும் விளையாடிவிடாதீர்கள் என்ற பொருளில் சொன்னது பதிவாகியிருக்கிறது.

4. எலும்பு முறியலை, தையல் போடலை. இதெல்லாம் ஒரு கேஸா?

கேஸ்தான். ஹட்சன் லூசியானாவின் அங்கோலா சிறையில் இருந்தவர். 1983-இல் கையிலும் காலிலும் விலங்கோடு நடத்திக்கொண்டு போகும்போது அடிபட்டார். வீக்கம், கன்றல், ஆடிய பற்கள், விரிசல் விட்ட பகுதிப் பல்செட், இவ்வளவுதான் காயம். நஷ்டஈடு 800 டாலர். பெரிய காயம் இல்லாவிட்டாலும் எட்டாவது திருத்தம் மீறப்பட்டிருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது அந்த 800 டாலர் வழக்கில்தான்.

கீழ் நீதிமன்றங்கள் சில அப்போதும் காயத்தின் அளவைப் பார்த்தே மனுக்களைத் தள்ளிக்கொண்டிருந்தன. ‘வில்கின்ஸ் எதிர் காடி’ (2010) அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது: பார்க்கவேண்டியது பலத்தின் தன்மையை, காயத்தின் அளவை அல்ல. அதிர்ஷ்டத்தால் தப்பியவர் அதனாலேயே வழக்கை இழக்கமாட்டார். ஆனால் சும்மா தள்ளியது, தோளைப் பிடித்து இழுத்தது போன்ற அற்பமான பலம் பொதுவாக வழக்காகாது.

காயம் ஒன்றுமே இல்லை என்பதை ஜூரி கணக்கில் எடுக்கக்கூடாதா என்றால், எடுக்கலாம். ‘பத்து நிமிடம் பூட்ஸ் காலால் மிதித்தார்கள்’ என்பவர் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை என்றால் அவர் சொல்வதன் நம்பகம் குறையும். காயம் அளவுகோல் அல்ல, சாட்சியம். இந்த வித்தியாசம் பிடிபடாமல்தான் பல ஜூரி அறைகளில் பேச்சு தடம் மாறுகிறது.

5. தண்டனை ஆகலை, விசாரணைக் கைதிதான். அவருக்கும் இதே ரூல்ஸா?

இல்லை, அவருக்குச் சற்று எளிது. விசாரணைக் கைதி இன்னும் குற்றவாளி அல்ல. அவரைத் தண்டிக்கவே கூடாது. அவருக்குப் பொருந்துவது, உரிய சட்டமுறை இல்லாமல் மாநிலம் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிப்பதைத் தடுக்கும் பதினான்காவது திருத்தம். ‘கிங்ஸ்லி எதிர் ஹெண்ட்ரிக்சன்’ (2015) வழக்கில், காவலர் மனதில் என்ன இருந்தது என்று பார்க்கவேண்டியதில்லை, அந்தச் சூழலில் அந்தப் பலம் வெளிப்படையாகப் பார்த்தால் நியாயமா என்பதே கேள்வி என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் முடிவானது. விஸ்கான்சின் கவுண்டி ஜெயில் ஒன்றில், விளக்கின் மேல் ஒட்டியிருந்த தாளை எடுக்க மறுத்ததில் தொடங்கிய தகராறு அது. கடைசியில் விலங்கோடு குப்புறக் கிடந்தவர் மேல் சுமார் 5 நொடி டேசர், அதாவது மின்னதிர்ச்சிக் கருவி. ஜூரி காவலர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆனால் காவலரின் மனநிலையையும் எடைபோடும்படி ஜூரிக்கு அறிவுரை தந்தது பிழை என்று சொல்லி, அந்தத் தீர்ப்பை ஏற்றிருந்த மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் முடிவை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

‘நியாயமா’ என்பதைப் பின்னால் உட்கார்ந்து அலசிப் பார்க்கக்கூடாது. அந்த இடத்தில், அந்த நொடியில், அவருக்குத் தெரிந்ததை வைத்து ஒரு நியாயமான காவலர் என்ன செய்திருப்பார் என்று பார்க்கவேண்டும். பார்க்கும் விஷயங்கள் 3-ஆவது பதிலில் உள்ளவையேதான். கைதி தீவிரமாக எதிர்த்தாரா என்பதும் சேரும். கைது செய்யும்போது நடந்த அடி என்றால் அது நியாயமற்ற கைதையும் சோதனையையும் தடுக்கும் நான்காவது திருத்தம், ‘கிரஹாம் எதிர் கானர்’ (1989). அங்கேயும் நியாயம்தான் அளவுகோல்.

6. ரெண்டு பக்கமும் மாத்தி மாத்திச் சொல்றாங்க. கைதியை நம்புறதா, யூனிஃபார்மை நம்புறதா?

இரண்டுக்கும் தொடக்கத்திலேயே கூடுதல் மதிப்பெண் கிடையாது. இரு தரப்புக்கும் ஜெயிப்பதில் ஆதாயம் இருக்கிறது. ஆளைப் பார்த்து முடிவு செய்வதைவிட, அந்த மணிநேரத்திலேயே உருவான தாள்களை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பது நல்லது.

காவலர்களின் பலப்பிரயோக அறிக்கைகளை முதலில் எடுங்கள். நான்கு பேர் அறிக்கையிலும் ஒரே வாக்கியம், ஒரே எழுத்துப்பிழை என்றால் ஒருவர் எழுதியதை மற்றவர்கள் பார்த்து எழுதியிருக்கலாம். அறிக்கை வீடியோவைப் பார்ப்பதற்கு முன் எழுதப்பட்டதா, பின்பா? ‘எதிர்த்துக்கொண்டே இருந்தார்’ என்ற பொதுச்சொல் மட்டும் இருக்கிறதா, ‘இடது கையை உடம்புக்கு அடியில் வைத்துக்கொண்டு தர மறுத்தார்’ என்று செயலாக இருக்கிறதா? பிறகு நர்ஸ் குறிப்பு: நேரம் என்ன, உடல் வரைபடத்தில் எங்கே குறியிட்டிருக்கிறார், கைதி அப்போது சொன்னது என்ன? சிகிச்சைக்காகச் சொன்ன வார்த்தைகளைச் சாட்சியமாக ஏற்க விதி இடம் தருகிறது. ஆனால் அந்த அறையில் அடித்தவரே நின்றுகொண்டிருந்தால் ‘வலி ஏதும் இல்லை’ என்ற குறிப்பின் எடை குறையும்.

காயம் இருக்கும் இடமும் கதை சொல்லும். முன்கையின் வெளிப்பக்கக் கன்றல் தடுத்ததன் அடையாளமாகலாம். மணிக்கட்டில் ஆழமான தடம், விலங்கு இறுக்கமாக இருந்ததையோ விலங்கோடு இழுத்ததையோ காட்டலாம். ‘அவர்தான் என்னைக் குத்தினார்’ என்னும் காவலர் உடம்பில் ஏதாவது இருக்கிறதா, அவர் தன் விரல் முட்டிக்குச் சிகிச்சை எடுத்தாரா? டேசர் ஒவ்வொரு முறை விசை அழுத்திய நேரத்தையும் நீளத்தையும் தானே பதிவு செய்யும். ஒரு முறை என்று அறிக்கையிலும் நான்கு முறை என்று கருவியிலும் இருந்தால் யாரை நம்புவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிட்டது. சில சிறைகளில் ஸ்ப்ரே டப்பாவை முன்னும் பின்னும் எடைபோட்டு எழுதிவைக்கிறார்கள். அந்தத் தாளையும் கேட்டு வாங்கியிருக்கவேண்டும். அது வழக்கு நடத்துபவரின் வேலை.

7. வீடியோ இருந்தா எல்லாம் முடிஞ்சதுதானே?

சில வழக்குகளில் முடிந்துவிடும். வீடியோ ஒரு தரப்பின் கதையை அப்பட்டமாகப் பொய்யாக்கினால் அந்தக் கதையை நீதிமன்றம் ஏற்கவேண்டியதில்லை என்று ‘ஸ்காட் எதிர் ஹாரிஸ்’ (2007) சொல்கிறது. அது கார் துரத்தல் வழக்கு, ஆனால் சிறை வழக்குகளிலும் எடுத்தாளப்படுகிறது.

ஆனால் சிறைக் கூடத்துக் கேமரா பெரும்பாலும் உயரத்தில், தூரத்தில், ஒலி இல்லாமல் இருக்கும். நான்கு முதுகுகள்தான் தெரியும். கீழே கிடப்பவர் கை என்ன செய்கிறது என்பது தெரியாது. திட்டமிட்டு அறையிலிருந்து ஆளை வெளியேற்றும்போது கையடக்கக் கேமராவில் படம் எடுப்பது பல சிறைகளில் விதி. அதில் கேட்கும் ‘எதிர்க்காதே, எதிர்க்காதே’ என்ற கத்தலை அப்படியே எதிர்ப்புக்குச் சான்றாக எடுக்காதீர்கள். அது உண்மையான உத்தரவாகவும் இருக்கலாம், கேமராவுக்காகச் சொன்னதாகவும் இருக்கலாம். வேகத்தைக் குறைத்து ஓட்டினால் எல்லாமே வேண்டுமென்று செய்தது போலத் தோன்றும். அதனால் முழு வேகத்திலும் ஒருமுறை பார்க்கவேண்டும்.

8. அந்த நாள் வீடியோவை அழிச்சுட்டாங்களே, அப்ப அவங்க மேலதானே தப்பு?

உடனே அப்படி முடிவுகட்ட முடியாது. பல அமைப்புகளில் பழைய பதிவின் மேல் புதியது தானாக ஏறிவிடும். ஃபெடரல் சிவில் நடைமுறை விதி 37-இன் 2015 திருத்தப்படி, எதிர்த்தரப்புக்குக் கிடைக்கக்கூடாது என்ற நோக்கத்தோடு அழித்தார்கள் என்று தெரிந்தால்தான் ‘அதில் இருந்தது அவர்களுக்குப் பாதகமானது என்று கொள்ளலாம்’ என்று ஜூரிக்குச் சொல்ல முடியும். கவனக்குறைவு போதாது. சம்பவம் நடந்த நாளிலேயே ‘இந்த இடம், இந்த நேரம், வீடியோவைப் பாதுகாத்து வையுங்கள்’ என்று எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்வது கைதி செய்யக்கூடிய மிகப் பயனுள்ள காரியங்களில் ஒன்று.

9. அவர் என்ன குத்தம் செஞ்சு உள்ளே வந்தார்னு ஜூரிக்குச் சொல்வாங்களா?

சிறையில் இருக்கிறார் என்பதை மறைக்க முடியாது. எதற்காக என்பது வேறு விஷயம். அவர் சாட்சி சொன்னால், நம்பகத்தைச் சோதிப்பதற்காக முந்தைய தண்டனைகளைக் கொண்டுவர சாட்சிய விதி 609 இடம் தருகிறது. பொய், மோசடி சார்ந்த குற்றம் என்றால் கட்டாயம் வரும். மற்றப் பெருங்குற்றங்களில், தெரிவதால் வரும் பயனைவிட வெறுப்பு மிகுந்துவிடுமா என்று நீதிபதி எடைபோடுவார். ‘பெருங்குற்றத்துக்குத் தண்டனை பெற்றவர்’ என்று மட்டும் சொல்லி, குற்றத்தின் பெயரை விட்டுவிடுவது அடிக்கடி எடுக்கப்படும் நடுவழி. பத்தாண்டுக்கு மேல் பழையவை பொதுவாக வராது. ஆனால் அந்தப் பத்தாண்டு, தண்டனை நாள் அல்லது விடுதலை நாள், இரண்டில் பிந்தியதிலிருந்து ஓடும். அதே குற்றத்துக்காக இன்னும் உள்ளே இருப்பவருக்கு அது ஓடவே தொடங்கியிருக்காது.

குற்றம் தெரியவந்தாலும் அதை வைத்து ‘இவனுக்கு இது வேண்டும்’ என்று நினைப்பதற்கு இடமில்லை. தண்டனையை ஒரு நீதிமன்றம் ஏற்கெனவே கொடுத்துவிட்டது. கைதியை ஜூரிக்கு முன்னால் விலங்கோடு உட்காரவைப்பதையும் நீதிபதிகள் கூடியவரை தவிர்ப்பார்கள். தேவைப்பட்டால் மேசையைச் சுற்றித் துணி கட்டி மறைப்பார்கள்.

10. காவலர் மேல ஏற்கெனவே பத்து புகார் இருக்காம். அதையும் பார்க்கணுமில்ல?

‘அன்றும் அடித்தார், அதனால் இன்றும் அடித்திருப்பார்’ என்ற தர்க்கத்துக்கு விதி 404 கதவை மூடுகிறது. நோக்கம், திட்டம், தவறுதலாக நடக்கவில்லை என்பது போன்ற வேறொரு காரணத்துக்காக நீதிபதி அனுமதிக்கலாம். அப்போது எதற்காக மட்டும் எடுத்துக்கொள்ளவேண்டும் என்று சொல்லியே அனுமதிப்பார். கைதியின் பழைய சிறைச் சண்டைகளுக்கும் இதே பூட்டுதான். ஆனால் அவற்றைக் காவலர் அப்போதே அறிந்திருந்தால், அவர் உணர்ந்த ஆபத்தின் பகுதியாக உள்ளே வந்துவிடும். தராசு சமமாக இல்லை என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

11. சிறை ரூல் புத்தகத்தையே மீறியிருக்கார். அப்புறம் என்ன?

விதி மீறல் வேறு, அரசியல் சட்ட மீறல் வேறு. ஸ்ப்ரே அடிக்குமுன் மேலதிகாரி அனுமதி வேண்டும் என்று கையேடு சொல்லி, அதை வாங்காமல் அடித்திருந்தால் அது துறை நடவடிக்கைக்குக் காரணம்; அதனாலேயே இந்த வழக்கு ஜெயிக்காது. விதியைப் பின்பற்றிவிட்டார் என்பதாலேயே காவலர் தப்பவும் முடியாது. ஆனால் ‘பயிற்சியில் என்ன சொல்லிக்கொடுத்தார்களோ அதற்கு நேர்மாறாக ஏன் செய்தார்’ என்ற கேள்வி 3-ஆவது பதிலில் சொன்ன மனநிலைக்கு வழிகாட்டும்.

12. அடிச்சவர் ஒருத்தர், மத்தவங்க வேடிக்கை பார்த்தாங்க. யார் மேல தீர்ப்பு?

ஒவ்வொருவர் பற்றியும் தனித்தனியாக. தீர்ப்புப் படிவத்திலேயே பெயர் பெயராகக் கேள்வி இருக்கும். வேடிக்கை பார்த்தவர் பொறுப்பாக மூன்று தேவை: அத்துமீறல் நடக்கிறது என்று தெரிந்திருக்கவேண்டும், தடுக்க உண்மையான வாய்ப்பு இருந்திருக்கவேண்டும், தடுக்காமல் விட்டிருக்கவேண்டும். ஒரே ஒரு குத்து மின்னல்போல் விழுந்தது என்றால் வாய்ப்பு இல்லை. இரண்டு நிமிடம் நீடித்தது என்றால் இருந்தது.

வார்டனும் கண்காணிப்பாளரும் மேலதிகாரி என்பதற்காக மட்டும் பொறுப்பாகமாட்டார்கள். மாநில அரசையே இந்தப் பிரிவில் நஷ்டஈட்டுக்கு இழுக்க முடியாது. கவுண்டியை இழுக்கலாம், ஆனால் அதன் கொள்கையோ வழக்கமோ காரணம் என்று காட்டவேண்டும். அடித்தவர் முகமூடி அணிந்திருந்ததால் பெயர் தெரியாமல் போவது, நல்ல வழக்கும் வீணாகும் ஒரு வழி. பணிப் பட்டியலையும் அறை வெளியேற்றக் குழுவில் யார் எந்த இடத்தில் நின்றார்கள் என்ற பட்டியலையும் சீக்கிரம் கேட்டு வாங்கவேண்டும்.

13. ஜூரி வரைக்கும் போகவே இல்லை, ‘உள்ளே புகார் கொடுக்கலை’ன்னு தள்ளிட்டாங்க. இது என்ன நியாயம்?

1996-ஆம் ஆண்டுச் சிறை வழக்குச் சீர்திருத்தச் சட்டம் போட்ட கட்டு இது. சிறைக்குள் இருக்கும் குறைதீர்ப்பு முறையைக் கடைசிப் படி வரை ஏறி முடித்த பிறகே நீதிமன்றம். அந்த முறையில் பணம் கிடைக்காது என்றாலும் ஏறவேண்டும், கெடு தவறாமல் ஏறவேண்டும். ‘உட்ஃபோர்ட் எதிர் நிகோ’ (2006) வழக்கில் கலிஃபோர்னியாவின் கெடு 15 வேலைநாள். பலப்பிரயோகப் புகாருக்கும் இது பொருந்தும் என்று 2002-இலேயே முடிவாகிவிட்டது.

விலக்கு உண்டு. ‘ராஸ் எதிர் பிளேக்’ (2016): புகார் முறை முட்டுச்சந்தாக இருந்தால், யாருக்கும் புரியாதபடி சிக்கலாக இருந்தால், அதிகாரிகள் மிரட்டியோ ஏமாற்றியோ தடுத்தால், அந்த வழி ‘இல்லை’ என்றே கொள்ளலாம். இங்கே ஜூரிக்குப் புதிதாக ஒரு வேலை வந்திருக்கிறது. புகார் படிவத்தைக் கிழித்தார்களா என்ற சண்டையும் மூல வழக்கும் ஒன்றோடொன்று பின்னியிருந்தால் அதை ஜூரியே தீர்மானிக்கவேண்டும் என்று ‘பெர்ட்டு எதிர் ரிச்சர்ட்ஸ்’ (2025) சொல்கிறது.

14. அதே சம்பவத்துக்கு ‘காவலரைத் தாக்கினார்’னு கைதிக்கே தண்டனை ஆகியிருக்கு. அப்ப கேஸ் செத்துப்போச்சா?

முழுதாகச் சாகாது. ‘ஹெக் எதிர் ஹம்ஃப்ரி’ (1994) படி, அந்தத் தண்டனை செல்லாது என்று பொருள்படும் எதையும் நஷ்டஈட்டு வழக்கில் சொல்ல முடியாது. நன்னடத்தைக்காகத் தண்டனையில் குறைக்கும் நாள்களைப் பறித்த சிறை ஒழுங்கு நடவடிக்கைக்கும் இது நீளும். தண்டனைக் காலத்தைத் தொடாத நடவடிக்கைக்கு நீளாது. ஆகவே ‘நான் கையே ஓங்கவில்லை, சும்மா நின்றேன்’ என்று சாட்சி சொன்னால் வழக்குக்கு ஆபத்து. ‘ஆமாம், தள்ளினேன். ஆனால் விலங்கு போட்ட பிறகும் அடித்தார்கள்’ என்றால் ஆபத்தில்லை. முதலில் தாக்கியவரையும் பிறகு அளவுமீறி அடிக்க உரிமை கிடையாது. மறுபடியும் 3-ஆவது பதிலின் காலக்கோடுதான்.

15. ஜெயிச்சா எவ்வளவு கிடைக்கும்?

ஒரு டாலருக்கும் குறைவிலிருந்து லட்சங்கள் வரை. உரிமை மீறப்பட்டது, ஆனால் நிரூபித்த இழப்பு இல்லை என்றால் பெயரளவு நஷ்டஈடு. வலி, சிகிச்சை, நிரந்தரக் குறைபாடு இவற்றுக்கு ஈட்டுத்தொகை. கொடிய நோக்கமோ, உரிமையைப் பற்றி அலட்சியமோ இருந்தால் ‘ஸ்மித் எதிர் வேட்’ (1983) வழியாகத் தண்டிப்புத் தொகையும் சேர்க்கலாம். அந்த வழக்கில் ஜூரி கொடுத்தது 25,000 ஈட்டுத்தொகை, 5,000 தண்டிப்பு. உடல் காயமோ பாலியல் செயலோ காட்டாமல் மன வேதனைக்கு மட்டும் தொகை கேட்கவிடாமல் 1996 சட்டம் தடுக்கிறது.

ஜூரிக்குத் தெரியாமல் பின்னால் நடக்கும் கணக்கு இன்னொன்று. தோற்ற தரப்பு தரவேண்டிய வக்கீல் கட்டணத்துக்கு அந்தச் சட்டம் தீர்ப்புத் தொகையின் 150 சதவீதம் என்று உச்சவரம்பு வைக்கிறது. அதில் ஒரு பகுதி கைதியின் தொகையிலிருந்தே போகும். ‘மர்ஃபி எதிர் ஸ்மித்’ (2018) வழக்கில் கண்குழி எலும்பு முறிந்தவருக்குக் கிடைத்தது சுமார் 3,07,734 டாலர், கட்டணம் சுமார் 1,08,447. தீர்ப்புத் தொகையின் 25 சதவீதம் வரை முதலில் கட்டணத்துக்குப் போகவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஏறக்குறைய 77,000 டாலர். மறுபுறம், 4-ஆவது பதிலில் வந்த வில்கின்ஸுக்குக் கடைசியில் ஜூரி கொடுத்தது 99 சென்ட். அதன்படி வக்கீல் கட்டணம் ஒன்றரை டாலரைக்கூடத் தொடவில்லை. இந்த வழக்குகளை எடுக்க வக்கீல் கிடைப்பது ஏன் கடினம் என்பதற்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

16. ‘தகுதிக் காப்பு’ன்னு சொல்லிக் காவலர் தப்பிச்சுடுவாராமே, அதையும் ஜூரியா முடிவு பண்ணும்?

அப்படி நடந்துகொள்வது சட்டவிரோதம் என்று அந்த நாளில் தெளிவாக நிலைநாட்டப்படாவிட்டால், அரசு ஊழியரை நஷ்டஈட்டிலிருந்து காக்கும் விதிதான் தகுதிக் காப்பு. நிலைநாட்டப்பட்டிருந்ததா என்பது சட்டக் கேள்வி, நீதிபதியுடையது. நடந்தது என்ன என்பது ஜூரியுடையது. அதனால்தான் தீர்ப்புப் படிவத்தில் சில சமயம் ‘அடி விழும்போது கைகள் பின்னால் கட்டப்பட்டிருந்தனவா?’ என்று குட்டிக் கேள்விகள் வரும். இதற்கும் தீர்ப்புக்கும் என்ன சம்பந்தம் என்று சலிக்காதீர்கள். அந்த விடையை வைத்துத்தான் நீதிபதி காப்பு உண்டா இல்லையா என்று சொல்வார். அலபாமாவில் வெயிலில் ஏழு மணி நேரம் கம்பத்தோடு விலங்கிட்டு நிறுத்திய ‘ஹோப் எதிர் பெல்சர்’ (2002) வழக்கில், அச்சு அசலாக அதே போன்ற முந்தைய வழக்கு இருக்கவேண்டியதில்லை என்று காப்பு மறுக்கப்பட்டது.

17. ஃபெடரல் சிறையில் நடந்தாலும் இதேதானா?

இல்லை. பிரிவு 1983 மாநில, கவுண்டி ஊழியர்களுக்கானது. ஃபெடரல் சிறைக் காவலர் மேல் எட்டாவது திருத்தத்தின்கீழ் அளவுமீறிய பலத்துக்கு நேரடியாக நஷ்டஈடு கேட்க முடியாது என்று ‘கோல்டி எதிர் ஃபீல்ட்ஸ்’ (2025) சொல்லிவிட்டது. அரசின் மீது ஃபெடரல் தீங்கியல் உரிமைகோரல் சட்டத்தின்படி போகலாம், ஆனால் அங்கே ஜூரி கிடையாது, நீதிபதி மட்டும்தான்.

18. ஜூரி சொன்னதை நீதிபதி மாத்த முடியுமா?

எந்த நியாயமான ஜூரியும் அந்தச் சாட்சியத்தில் அந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது என்றால், விதி 50 படி மாற்றலாம். தீர்ப்பு சாட்சியத்தின் எடைக்கு முரணாக இருந்தாலோ தொகை எல்லை மீறினாலோ, விதி 59 படி புது விசாரணைக்கு உத்தரவிடலாம். அல்லது குறைந்த தொகையை ஏற்கிறாயா, மறுவிசாரணைக்குப் போகிறாயா என்று கைதியைக் கேட்கலாம். இரண்டுக்கும் கெடு, தீர்ப்பு பதிவாகி 28 நாள். ஜூரி அறைக்குள் யார் என்ன பேசினார்கள் என்பதைக் காட்டித் தீர்ப்பை உடைக்க விதி 606 பெரும்பாலும் விடாது. வெளியே தேடிப் படித்த தகவல் அறைக்குள் வந்தது என்பது அதற்கான சில விலக்குகளில் ஒன்று.